நூற்று நாற்பது வரை எண்ணினேன்

மார்ச் 21, வெள்ளி

புவி வெப்பமயமாதலைப் பற்றித் தலைமையாசிரியை பிரமிளா மேடம் இன்று காலைக் கூட்டத்தில் நாற்பது நிமிடம் பேசினார். அவர் மேடையில், கூரைக்குக் கீழே, தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியோடு. நாங்கள் மைதானத்தில். "பூமித் தாய்க்குக் காய்ச்சல்" என்று அவர் சொன்ன இடத்தில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். "சாப்பிடாம வந்தா இப்படித்தான்" என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டு மேடம் மறுபடியும் காய்ச்சலுக்குப் போனார்.

பிறகு மரக்கன்று நட்டார்கள். போன வருடம் நட்ட அதே குழி. அதற்கு முந்தைய வருடமும் அதே குழிதான். கன்றைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. அவசரம், புகைப்படக்காரர் காத்திருந்தார். பின்னால் பன்னிரண்டு அடி ஃபிளெக்ஸ்: "பிளாஸ்டிக்கை ஒழிப்போம்!"

இவர்களை நம்பிப் பயனில்லை. ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு இன்பவல்லியாகிய நான் என் பங்கைத் தனியாகச் செய்யப் போகிறேன்.

மார்ச் 23

மாவட்ட நூலகத்தில் எடுத்த புத்தகத்தை முடித்துவிட்டேன். கடைசி அத்தியாயம் 2050-ஐப் பற்றியது. கணக்குப் போட்டேன்: அப்போது எனக்கு முப்பத்தொன்பது. அம்மாவுக்கு இப்போது முப்பத்தொன்பது. சமையலறையில் அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். இதே வேலூரில், இன்னும் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக, அங்கே நான் நிற்பதை ஒரு நிமிடம் பார்த்தேன்.

பயமாக இருந்தது. இதற்கு மேல் எழுதினால் ஜெனோபா மிஸ் எழுதச் சொல்லும் கட்டுரை போல ஆகிவிடும். நிறுத்திக்கொள்கிறேன்.

மார்ச் 24

வீட்டுச் சட்டங்கள், சமையலறைக் கதவில் ஒட்டப்பட்டன: மிக்ஸி கூடாது. ஃபிரிட்ஜ் இரவில் அணைக்கப்படும். ஆள் இல்லாத அறையில் விசிறி ஓடினால் நான் பேசமாட்டேன். ஷேர் ஆட்டோ கிடையாது, பள்ளிக்கு நடை.

அம்மா ஒவ்வொன்றாகப் படித்தாள். "கடைசியில ஒண்ணு உட்டுட்டியே. சாப்பிட்ட தட்டை அவங்கவங்க கழுவணும்னு எழுது."

வேடிக்கை செய்பவர்களால்தான் உலகம் இப்படி ஆனது.

மார்ச் 29

மாவு புளித்துவிட்டது. தயிரும்.

ஏப்ரல் 2

அம்மியில் சட்னி அரைப்பது அம்மாவின் வேலையாகிவிட்டது. நான் இரண்டு நாள் அரைத்தேன். முழுத் தேர்வு நெருங்குகிறது, மணிக்கட்டு வலித்தால் எழுத முடியாது. அம்மாவுக்குத் தேர்வு எதுவும் இல்லை.

இந்த மாதம் மொத்தம் இருபது கிலோ கரியமில வாயுவை மிச்சப்படுத்துவேன். மின்கட்டண அட்டையிலிருந்து யூனிட்டுகளை எடுத்து, புத்தகத்தில் உள்ளபடி பெருக்கினேன். வகுப்பில் ஷப்னத்திடம் சொன்னேன். "அந்த இருபது கிலோவை எங்க வெச்சிருக்க?" என்று கேட்டாள். என் உயிர்த்தோழியின் அறிவே இவ்வளவுதான்.

ஏப்ரல் 9

கணிதத் தேர்வு. எளிது. தலைமையாசிரியை அறையின் ஏசிக்குக் கேஸ் நிரப்ப ஆள் வந்திருந்தது. ஒவ்வொரு ஏப்ரலிலும் வரும். பூமித் தாயின் காய்ச்சல் அந்த அறைக்குள் நுழைந்துவிடக் கூடாதல்லவா?

மாலையில் அம்மா கேட்டாள்: "அப்பா உன்னை வராந்தாவுல பாத்து ரெண்டு தடவை கூப்ட்டாராமே. காது கேக்காத மாதிரி போய்ட்டியாம்?"

கேட்கவில்லை. வராந்தாவில் ஒரே சத்தம். கூட ஷப்னமும் இருந்தாள். ஷப்னத்திடம் என் அப்பா குளிர்பதனப் பொறியாளர் என்று ஆறாம் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். அது பொய் இல்லை. ஏசி மெக்கானிக் என்பதைத் தூய தமிழில் சொன்னேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 25

ஜூன் 5, சுற்றுச்சூழல் தினம். பள்ளிகளுக்கு இடையே பேச்சுப் போட்டி, எங்கள் பள்ளியில். எங்கள் சார்பில் நான். தலைப்பு: "தனிமனிதரால் என்ன செய்ய முடியும்?" ஜெனோபா மிஸ், "மரம் நடலாம், துணிப்பை, சைக்கிள்னு நாலு பாயிண்ட் எழுதிட்டு, கடைசியில ஒரு கவிதை போட்டுடு" என்றார்.

கவிதை போடமாட்டேன். இந்த ஊரில் யார் யார் பாவனை செய்கிறார்கள் என்று வரிசையாக எழுதுவேன்.

மே 4, ஞாயிறு

கத்திரி வெயில் ஆரம்பம். வெயில் ஏற ஏற அப்பாவுக்கு மவுசும் ஏறுகிறது. ஏழு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போனால் விளக்கு வைக்கும்போது வருகிறார். ஃபோனில் ஒரு பெண்மணி, "மூர்த்தி, செத்துடுவேன் போல இருக்கு, சீக்கிரம் வாங்க" என்று கத்தியது அடுத்த அறையில் இருந்த எனக்கே கேட்டது. வீட்டுக்குள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்துத் தெருவில் கொட்டுவதற்கு இவ்வளவு அவசரம். தெருவில் போகிறவர்கள் சாகலாம்.

எங்கள் வீட்டில் ஏசி இல்லை. அதில் எனக்குப் பெருமை. ஏன் இல்லை என்பது வேறு விஷயம்.

மே 11

அப்பா சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டார். அம்மா டிபன் கேரியரைக் கொடுத்துக் காந்தி நகரில் ஒரு வீட்டுக்கு அனுப்பினாள். நடந்தே போனேன், ஐம்பது நிமிடம். பாலாற்றுப் பாலத்தில் செருப்பு சுட்டது. கீழே மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா இரண்டாவது மாடி சன்ஷேடில் வெளி யூனிட்டுக்கு முன்னால் குந்தியிருந்தார். ஸ்பேனரால் எதையோ திருப்பினார். "புஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். வெள்ளையாகப் புகை. குழாயின் மேல் பனி பூத்தது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஆறு வயதில் அப்பா என்னை வேலைக்குக் கூட்டிப் போவார். "பாப்பா, பனி பாக்கறியா?" என்று என் கையைப் பிடித்து ஸ்பேனரைத் திருப்ப வைப்பார். நான் கைதட்டுவேன். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்பேன்.

"என்னப்பா அது?"

"பழைய கேஸ்மா. காலி பண்ணாதானே புதுசு போட முடியும்?"

சிலிண்டரின் மேல் எழுதியிருந்ததைக் கையில் எழுதிக்கொண்டேன். ஆர் இருபத்திரண்டு.

மே 13

நூலகம். ஒரு கிலோ ஆர் இருபத்திரண்டு, நூறு ஆண்டுக் கணக்கில், சுமார் ஆயிரத்து எண்ணூறு கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும்.

நான் மாதத்துக்கு மிச்சப்படுத்துவது இருபது கிலோ. ஆயிரத்து எண்ணூறுக்கு ஏழரை ஆண்டுகள் ஆகும். சனி பிடித்தால்கூட அவ்வளவுதான் ஆகும்.

அம்மா அம்மியில் அரைத்தது, புளித்த மாவு, என் செருப்புத் தேய்ந்தது, எல்லாம் சேர்ந்து ஏழரை ஆண்டுகள் செய்தால் ஒரு புஸ். அப்பா ஒரு நாளைக்கு ஆறு வீடு போகிறார்.

மே 14

சாப்பிடும்போது கேட்டேன்.

"அப்பா, அந்த கேஸ் எங்க போகுது?"

"காத்துல."

"காத்துல போய்?"

"போய் இன்னா, குடும்பமா நடத்தும்? கலைஞ்சிடும்."

"கலையாது. ஒரு கிலோ அது ஆயிரத்து எண்ணூறு கிலோவுக்குச் சமம்."

"அத்த எவன் தராசுல வெச்சு எடை போட்டான்?"

அம்மா சிரித்தாள். எனக்குக் கண்ணில் நீர் வந்தது, கோபத்தால்.

"புடிச்சு வெக்க மிஷின் கீது பாப்பா. எங்கிட்ட இல்ல. இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்சு எவன்கிட்டயும் இல்ல. ஒரு வீட்ல ஒரு மணி நேரம் கூட நின்னா, அந்தம்மா வேற ஆளுக்கு ஃபோன் போட்ருவாங்க."

"சரி. வருஷா வருஷம் ஒரே ஏசிக்கு கேஸ் போடறீங்களே. எங்க ஹெச்.எம். ரூம்ல போன வருஷம் போட்டது எங்க போச்சு? எங்கேயோ ஒழுகுதுன்னுதானே அர்த்தம்? அதை ஏன் அடைக்கல?"

அப்பா சோற்றைப் பிசைந்தார். "தட்டுல கை வெச்சிருக்கேன். சாப்ட்டுக்கறேன்" என்றார்.

மனசாட்சி உள்ளவர்கள் இப்படிச் சாப்பிட முடியாது. இரண்டாம் முறை ரசம் ஊற்றிக்கொண்டார்.

மே 15

அப்பாவுடன் பேசவில்லை.

மே 16

பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

மே 20

பேச்சு தயார். நான்கு பக்கம். முதல் பக்கத்தில் ஒரே குழியில் மரம் நடுகிறவர்கள். இரண்டாம் பக்கத்தில் தெருவில் வெப்பத்தைக் கொட்டும் வீட்டுக்காரர்கள். மூன்றாம் பக்கம் இது: "இவர்கள் எல்லோரையும்விடக் கீழானவர்கள் சிலர் உண்டு. நம் வீட்டு ஏசியைப் பழுது பார்க்க வரும் மெக்கானிக்குகள். படிப்பறிவு இல்லாத இந்தக் கூட்டம், நொடியில் ஒரு குழாயைத் திறந்து, நாம் ஆண்டுக்கணக்கில் சேமித்ததை ஆகாயத்தில் விடுகிறது. கேட்டால் சிரிக்கிறது." நான்காம் பக்கத்தில், இவர்களுக்கு நடுவில் தனியாக நிற்கும் ஒரு மாணவி.

தாள்களை அப்பாவின் மடியில் வைத்தேன். அவர் எடுத்து, கையை முழுதாக நீட்டி, ஏதோ நாற்றமடிக்கும் பொருளைப் போலத் தூரத்தில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பினார். பிறகு, "நல்லா கீது பாப்பா. எழுத்து அழகா கீது" என்று திருப்பித் தந்தார்.

படிக்கவே இல்லை. படித்ததாக நடித்தார். எட்டாம் வகுப்பு வரை படித்தவருக்கு இதுகூட முடியாதா? இனி இந்த வீட்டில் யாருக்கும் எதையும் விளக்கமாட்டேன்.

மே 21

நேற்று தாள்களை அலமாரியில் வைத்தேன். இன்று பார்த்தால் வரிசை மாறியிருந்தது. அம்மா தூசி தட்டியிருப்பாள்.

மே 26

குளியலறையில் என் ஷாம்பு காணவில்லை. முழுப் பாட்டில். கேட்டால் அம்மா அப்பாவைப் பார்க்கிறாள், அப்பா விட்டத்தைப் பார்க்கிறார்.

மே 29

அப்பாவுக்குச் சோம்பல் வந்துவிட்டது. ஆறு வீடு போனவர் இப்போது மூன்று வீடுதான் போகிறார். ஆனால் வருவதென்னவோ அதே நேரத்துக்குத்தான், முதுகு முழுக்க வேர்க்குருவோடு. ஃபோனில் யாரிடமோ, "அவசரம்னா வேற ஆளைப் பாத்துக்கோங்கம்மா" என்று சொன்னார். கத்திரி முடிந்துவிட்டதில் அகம்பாவம் போலிருக்கிறது.

ஜூன் 2

பள்ளி திறந்தது. பத்தாம் வகுப்பு. மார்ச்சில் நட்ட கன்று இருந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பை மட்டும் இருக்கிறது. ஆள் வைத்துக் குழியை மறுபடியும் தோண்டியிருக்கிறார்கள்.

ஜூன் 5, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விழா பத்து மணிக்கு, பேச்சுப் போட்டி அதற்கு முன்பே. சிறப்பு விருந்தினர் வந்ததும் முதலில் தலைமையாசிரியை அறையில் உட்கார வைத்துக் குளிர்பானம் கொடுப்பது வழக்கம். ஒன்பது மணிக்கு அந்த அறை குளிரவில்லை. ஏப்ரலில் போட்ட கேஸ் அதற்குள் போய்விட்டது. அப்பாவுக்கு ஃபோன் போனது.

நான் நான்கு தாள்களோடு அரங்கின் பக்கவாட்டில், பேச்சாளர் வரிசையில், ஷப்னத்தின் அருகில் நின்றிருந்தேன். ஜன்னல் வழியாகத் தலைமையாசிரியை அறையின் சன்ஷேட் தெரிந்தது. அதில் அப்பா. அறைக்குள்ளிருந்து பிரமிளா மேடத்தின் குரல்.

"சும்மா கேஸை அடிச்சுட்டுப் போங்க மூர்த்தி! எப்பவும் பத்து நிமிஷத்துல முடிச்சுடுவீங்களே?"

"ஒழுகற எடத்தைப் பாக்காம அடிக்க மாட்டேன் மேடம்."

"இன்னைக்கா உங்களுக்கு இதெல்லாம் தோணணும்? கெஸ்ட் கிளம்பிட்டாங்க!"

அப்பா ஒரு பாட்டிலிலிருந்து குழாய் முழுக்க நுரையைப் பூசினார். பிறகு குமிழி வருகிறதா என்று பார்த்தார். தலையைப் பின்னால் இழுத்து, கழுத்தை வளைத்து, சன்ஷேடின் விளிம்பு வரைக்கும் சாய்ந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் விழுந்துவிடுவார். அந்தத் தூரம் எனக்குத் தெரிந்த தூரம். என் தாள்களை அவர் பிடித்திருந்த அதே தூரம்.

அவருக்குக் கிட்டத்தில் இருப்பது தெரியவில்லை. எவ்வளவு நாளாகவோ தெரியவில்லை. நான் அதை வைத்து இந்த நாட்குறிப்பில் அவரைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறேன்.

தாள்களை ஷப்னத்தின் கையில் கொடுத்தேன். "வெச்சுக்க. வந்துடறேன்."

"எங்கடி போற? மூணாவது நீ!"

"எங்க அப்பா அங்க இருக்காரு."

"எங்க? அங்க ஏசி மெக்கானிக்தான் இருக்காரு."

"ஆமா. மெக்கானிக்தான்."

அறை ஜன்னல் வழியாகச் சன்ஷேடில் இறங்கினேன். மேடம் எதிர் ஜன்னலில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா என்னைப் பார்த்ததும், "ஏய், போட்டி?" என்றார்.

"எந்த எடத்துல பாக்கணும்?"

"வால்வாண்ட. ரெண்டு நட்டு இருக்கும், பாரு."

நுரையில் என் ஷாம்பு வாசனை. குனிந்து பார்த்தேன். வெயிலில் உலோகம் முகத்தில் அனல் வீசியது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, பெரிய குழாயின் நட்டுக்குக் கீழே, கடுகு அளவில் ஒரு குமிழி. மெதுவாகப் பெரிதானது. மிளகு அளவு. பட்டாணி அளவு. உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று.

"பெரிய பைப், கீழ் நட்டுப்பா."

அப்பா அந்த நட்டை விரலால் தடவினார். "அது நான் போட்டதாச்சே. மூணு வருஷம் முன்னாடி."

பிறகு வேலை சொன்னார். ஏசியை ஓட விட்டு, ஒரு வால்வை மூடினால், இருக்கும் கேஸ் முழுவதும் வெளி யூனிட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடும். சேர்ந்ததும் இன்னொரு வால்வையும் மூடி, அந்த நொடியே உள்ளே அணைக்க வேண்டும். அப்போது நட்டைக் கழற்றினால் எதுவும் வெளியே போகாது. உள்ளே ரிமோட்டோடு ஓர் ஆள் வேண்டும். பியூன் அண்ணன் அரங்கில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய், மேடம் பார்க்காதபோது மேசையிலிருந்து ரிமோட்டை எடுத்து ஜன்னல் ஓரம் நின்றேன்.

அரங்கிலிருந்து ஒலிபெருக்கி. "அடுத்து, இன்பவல்லி, பத்தாம் வகுப்பு." மூன்று முறை அழைத்தார்கள். பிறகு ஷப்னத்தின் குரல்: "இன்பவல்லிக்குப் பதிலாக அவள் எழுதியதை நான் வாசிக்கிறேன்."

உயிர்த்தோழி.

முதல் பக்கம். ஒரே குழி. அரங்கில் சிரிப்பு. மேடம் அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். இரண்டாம் பக்கம். நான் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் பக்கம் வரக் கூடாது என்று வேண்டினேன். மின்சாரம் போகட்டும், ஒலிபெருக்கி பழுதாகட்டும் என்று. நம் ஊரில் தேவைப்படும்போது மின்சாரம் போகாது.

"தெருவில வெப்பத்தைக் கொட்டறது முடிஞ்சுதா?" என்று அப்பா வெளியிலிருந்து கேட்டார், கண்ணைக் கேஸ் அழுத்தம் காட்டும் மீட்டரிலிருந்து எடுக்காமல். "அடுத்தது நம்மளுது."

"அப்பா..."

"உங்கம்மாவை மூணு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். 'கேட்டால் சிரிக்கிறது'ன்னு வரும் பாரு. அங்க கை தட்டுவாங்க."

படிப்பறிவு இல்லாத இந்தக் கூட்டம், என்றது ஷப்னத்தின் குரல். மைதானம் முழுக்கக் கேட்டது. கேட்டால் சிரிக்கிறது. கை தட்டினார்கள்.

"ஆஃப் பண்ணு பாப்பா! இப்ப!"

அழுத்தினேன். நின்றது. அப்பா நட்டைக் கழற்றினார். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு புஸ் கூட இல்லை.

நட்டை மறுபடி போட்டு, பம்ப் வைத்துக் குழாயிலிருந்த காற்றை உறிஞ்சி, குறைந்த கேஸை மட்டும் நிரப்பி முடிக்க இன்னும் முக்கால் மணி நேரம். சிறப்பு விருந்தினர் விசிறிக்குக் கீழே குளிர்பானம் குடித்துவிட்டு நேராக மேடைக்குப் போய்விட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அப்படி என்னதான் பிராப்ளம்?" என்றார் மேடம்.

"நட்டு சரியா ஒக்காரல மேடம். நான்தான் போட்டது. மூணு வருஷமா அது வழியா ஒழுகிச்சு, வருஷா வருஷம் நானே வந்து அடிச்சிட்டுப் போனேன். என் தப்பு."

என் நான்கு பக்கங்களையும் மனதில் புரட்டிப் பார்த்தேன். எண்ணூறு சொற்களுக்கு மேல். அந்தக் கடைசி இரண்டு சொற்கள் எங்கேயும் இல்லை.

ஜூன் 6

முதல் பரிசு எங்கள் பள்ளிக்குத்தான். கேடயத்தில் ஷப்னத்தின் பெயர். கேடயம் பிளாஸ்டிக்.

ஜூன் 7

சமையலறைக் கதவிலிருந்து சட்டங்களைக் கிழித்தேன். மிக்ஸியைத் துடைத்து மேசையில் வைத்தேன். அம்மா உள்ளங்கையைக் காட்டினாள். இரண்டு காய்ப்பு. "உன் இருபது கிலோ இங்கதான்டி கீது" என்றாள்.

இரவு ஃபிரிட்ஜ் ஓடுகிறது. ஆள் இல்லாத அறையில் விசிறி கூடாது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஜூன் 10

அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடி வாங்கினோம். அதைப் போட்டுக்கொண்டு என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்து, "இவ்ளோ பருவாடி உனக்கு?" என்றார். அப்பாவும் வேடிக்கை செய்பவர்தான்.

ஜூன் 13, வெள்ளி

இனி எங்கள் பள்ளி ஏசிகளை அப்பா பார்க்கமாட்டார். "மூணு வருஷமா தப்பு பண்ணேன்னு அவரே ஒத்துக்கறாரு, அப்புறம் எப்படி நம்பறது?" என்று மேடம் அலுவலகத்தில் சொன்னாராம். பியூன் அண்ணன் சொன்னார். பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே போனவரை மூன்று வருடம் நம்பினார்கள்.

இன்று மூன்றாம் பிரிவேளையில் புது ஆள் வந்தது. சீருடை, தொப்பி. ஜெனோபா மிஸ் கரும்பலகையில் பசுமை இல்ல வாயுக்களின் பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார். நாங்கள் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தோம்.

அப்போது கேட்டது. புஸ்ஸ்ஸ்.

"யாருடி அது, குக்கர் வெச்சிருக்கறது?" என்றாள் பின் பெஞ்சில் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். பிறகு ஜன்னலைச் சாத்தச் சொன்னார், சத்தமாக இருக்கிறதாம். அந்த அறையில் அது என்னவென்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். எழுந்து நின்று சொன்னேன். "மிஸ், நீங்க மூணாவதா எழுதினது இப்ப வெளியே போயிட்டிருக்கு." மிஸ், "உக்காரு இன்பா. போட்டி முடிஞ்சுபோச்சு" என்றார்.

உட்கார்ந்து எண்ணினேன்.

மாலையில் அப்பா சாப்பிடும்போது சொன்னேன். "இன்னைக்கு ஹெச்.எம். ரூமுக்கு ஆள் வந்துச்சு. சத்தம் கேட்டுச்சு."

"நட்டு சரியாத்தானே கீது? அதுல போட வேண்டிய வேலையே இல்லையே. எத்தினி நேரம் கேட்டுச்சு?"

"நூத்தி நாப்பது வரைக்கும் எண்ணினேன்."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். மறுபடியும் போட்டுக்கொள்ளவில்லை.

"முழுசா உட்டுட்டான்" என்றார்.

இரண்டாம் முறை ரசம் வேண்டாம் என்றுவிட்டார்.

நாளை பள்ளி இல்லை. சத்துவாச்சாரியில் ஒரு வீடு, இரண்டு ஏசி, வருடா வருடம் கேஸ் குறைகிறதாம். அந்த வீட்டுக்காரர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுக்கமாட்டார் என்று அப்பா சொன்னார். நட்டுகளை நான் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன். ஷாம்பு தீர்ந்துவிட்டது. அம்மாவுடையதை எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன்.